வெற்றியின் வீடியோவுக்கு ஒரு மெமரி கார்டு

5 மே 2025, திங்கள்

சாத்தாங்காட்டில் இன்று காற்றே இல்லை. இரும்புக் கிடங்கு ஆபீஸில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பில் போட்டும் கழுத்தெல்லாம் கசகசத்தது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தம்பி வெற்றி வாசலிலேயே நிற்கிறான். கையில் போன், மூஞ்சி உர்ரென்று.

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நேற்று மொட்டை மாடியில் அவனே எடுத்துக்கொண்ட வீடியோ. வெற்றிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கையால்தான் பேசுவான். வீட்டில் எங்களோடு பேச ஒரு சைகை, பள்ளிக்கூடத்தில் படித்த சைகைமொழி ஒன்று. அவன் சிநேகிதர்கள் வந்தால் இரண்டாவது ஓடும், அதில் எனக்குப் பாதிகூடப் பிடிபடாது.

வீடியோவில் அவன் கை நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. அடுத்த கணம் தலைக்கு மேல். நடுவில் என்ன நடந்தது? காணோம். மறுபடி கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, மறுபடி ஒரு தாவல். நமக்குப் பாட்டில் ஒரு வரி கரகரத்தால் ஊகித்துக்கொள்வோம். அவனுக்கு அது வாயைப் பொத்தின மாதிரி.

வீடியோ எதற்கென்றால், கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிலையம். காது கேளாதவர்களையே சைகைமொழி ஆசிரியர் ஆக்குகிற படிப்பு. விண்ணப்பத்தோடு, தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பத்து நிமிஷம் சொல்லி அனுப்ப வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. கடைசி நாள் 26.

போனில் இடமில்லாததால் எல்லாம் மெமரி கார்டில் போய் விழுகிறது. அம்மாவின் பழைய போனிலிருந்து எடுத்துப் போட்ட கார்டு. ஊக்கு முனையால் போனின் கார்டுத் தட்டை வெளியே தள்ளி எடுத்துப் பார்த்தேன். நகம் அளவுதான். 32 ஜிபி என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் பொடியாக ஒரு வளையம், அதற்குள் 4.

நாலு எதற்கு? 32-க்கும் நாலுக்கும் என்ன சம்பந்தம்?

6 மே, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் தேடிப் பார்த்தேன். அது வேகமாம். ஒரு நொடியில் குறைந்தது நாலு எம்பி எழுதும் என்ற வாக்கு.

'குறைந்தது' என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது. விற்கிறவன் அதிகபட்சத்தைத்தானே தம்பட்டம் அடிப்பான்? அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கட்டுக் கட்டாகக் கம்பி. ஒவ்வொன்றிலும் 500 என்று பதித்திருக்கிறது. அதுவும் குறைந்தது இவ்வளவு தாங்கும் என்ற வாக்குதானே. எத்தனை வருஷமாக அந்த எண்ணை பில்லில் அடிக்கிறேன்!

அடுத்த கேள்வி: வெற்றியின் வீடியோவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? அவன் கை வேகத்துக்குச் சாதாரணமாக எடுத்தால் விரல் எல்லாம் புகை மாதிரி மங்குகிறது. அதனால் நொடிக்கு அறுபது படம் என்று வைத்துத்தான் எடுப்பான். சாயங்காலம் ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட இருநூறு எம்பி. அறுபதால் வகுத்தால் மூன்று சொச்சம்.

மூன்று சொச்சம் வேண்டும், கார்டு நாலு தரும். அப்போ போதுமே! ஏன் தாவுது?

அப்பா — நைனா என்றுதான் கூப்பிடுவேன் — சாப்பிட்டுக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இன்னா கொணா, ரெண்டு நாளா அத்த நோண்டிக்கினு கீறீங்க?" என்றார். குணா என்கிற என் பேர் அவர் வாயில் கொணாதான். சொன்னேன். கோயம்புத்தூர் என்ற பேச்சு வந்ததும் சோற்றைப் பிசைகிற கை மெதுவானது. "அவன் பூட்டா படகுல எனுக்கு யாரு?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் மீன் முள்ளைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

நைனாவிடம் ஒரு ஃபைபர் படகு. அதில் அவரும் வெற்றியும். வேறு ஆள் வைத்ததே இல்லை.

8 மே, வியாழன்

குழப்பம். இன்டர்நெட்டில் ஒரு இடத்தில் இந்த மாதிரி வீடியோவுக்கு 28 வேண்டும் என்று போட்டிருக்கிறது. என் கணக்கில் மூன்று சொச்சம்தானே வந்தது? வகுத்ததில் தப்பா? திரும்பவும் போட்டேன். தப்பில்லை.

கார்டில் வளையத்துக்குள் 10 உண்டாம். யு என்ற எழுத்துக்குள் 1 போட்டிருந்தாலும் பத்துதான். யு-வுக்குள் 3 என்றால் முப்பது. வி 30 என்றாலும் அதே முப்பது. ஏ என்று ஆரம்பிக்கிறது வேறு. ஒரே விஷயத்துக்கு இத்தனை குறி எதுக்கு? ஒருத்தர் பேரை ஸ்கூல்ல ஒண்ணு, வூட்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணுன்னு வைக்கிற மாதிரி.

28 என்றால் பத்து பத்தாது.

10 மே, சனி

பீச் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் ஒரு கடை. கார்டில் பெரிய எழுத்தில் 100 என்று இருந்தது. 256 ஜிபி. 28-க்கு 100 தாராளம் என்று வாங்கிவிட்டேன். பழைய கார்டில் இருந்ததையெல்லாம் இதில் நகல் எடுத்துப் போட்டாயிற்று. வெற்றி சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

11 மே, ஞாயிறு

விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்த களைப்போடு வெற்றி குளித்து, கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு மாடியில் நின்று முழுதாகச் சொல்லி முடித்தான். நான்தான் போனைப் பிடித்தேன். திறந்தால் — திறக்கவே இல்லை. கறுப்பு. இன்னொரு தடவை எடுத்தோம். அதுவும் கறுப்பு. போட்டோக்களைப் பார்த்தேன், பாதிக்கு மேல் சாம்பல் கட்டமாக நிற்கிறது. நல்லவேளை, பழைய கார்டில் எதையும் அழிக்கவில்லை.

வெற்றி கீழே இறங்கிப் போய்விட்டான். சாப்பிடவும் வரவில்லை.

நூறுன்னு போட்டிருந்துச்சே. கண்ணால பாத்துத்தானே வாங்கினேன். என்னாதான்டா அந்த நூறு?

12 மே, திங்கள்

வேலை விட்டு நேரே காலடிப்பேட்டை. சௌக்கத் அலி பாயின் மொபைல் கடை. அம்மா கூடையில் மீன் கொண்டுபோகிற காலத்திலிருந்து பழக்கம்.

புதுக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதிக்க விட்டார். அது ஓடுகிற வரைக்கும் எனக்கு டீ சொன்னார். கடைசியில் திரையை என் பக்கம் திருப்பினார்.

"உள்ள கீறது எட்டு ஜிபிம்மா. எரநூத்தம்பத்தாறுன்னு போன்கிட்ட பொய் சொல்லுது. எட்டு ரொம்பினதும் வர்றத எல்லாம் கடாசிக்கினே கீது. போனுக்கு அது தெரியாது, பாவம்."

"அந்த நூறு, பாய்?"

"அது அச்சடிச்சவன் கைக்கு வந்தத போட்டது. ஒண்ணு சொல்றேன் கேளு. நல்ல கம்பெனி கார்டுலயே பெருசா போடற நம்பரு படிக்கிற வேகம். அதுவும் உச்சத்துல. நீ வீடியோ எடுக்கிறது எழுதற வேலை. அதுக்கு இந்தப் பொடி எழுத்தைத்தான் பாக்கணும்."

பழைய கார்டையும் போட்டார். நொடிக்கு இரண்டுகூட வரவில்லை. நாலு என்று வாக்குக் கொடுத்ததே என்றேன். சிரித்தார். "அது புதுசுல. காலியா இருந்தப்போ. உங்கம்மா போன்ல இத்தினி வருசம் உழைச்சு, கயுத்துக்கு மேல ரொம்பிக்கினு கீது. தடுமாறாம இன்னா பண்ணும்?"

சரி, 28? அதையும் கேட்டேன். நான் பார்த்த பக்கத்தைத் திறக்கச் சொல்லி விரலை வைத்தார். "சின்ன பி-யா பெரிய பி-யா, பாத்தியா?"

சின்ன பி, அதாவது பிட். கார்டில் இருப்பது பெரிய பி, பைட். சின்னதை எட்டால் வகுத்தால்தான் பெரியதாம். இருபத்தெட்டை எட்டால் வகுத்தால் மூன்றரை.

மூன்றரை! நான் ஒரு நிமிஷ வீடியோவை வைத்துப் போட்ட கணக்கும் அதேதான். கடையிலேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ரீசார்ஜ் பண்ண வந்தவர் திரும்பிப் பார்த்தார். ஏமாந்துபோய் வந்தவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று பாய் நினைத்திருப்பார்.

13 மே, செவ்வாய்

எதை எடுப்பது? பகல் முழுக்க இதே யோசனை. பில்லில் ஒரு தப்பும் பண்ணிவிட்டேன்.

வேண்டியது மூன்றரை. யு-வுக்குள் 1 என்றால் பத்து. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. யு-வுக்குள் 3, வி 30 — அதெல்லாம் முப்பது. வெற்றி பெரிசாகவே வாங்கு என்கிறான். இன்னும் தெளிவாக 4கே-யில் எடுக்கலாமாம். பயிற்சி நிலையம் சாதாரணத் தெளிவே போதும் என்று எழுதியிருக்கிறது. பெரிய ஃபைல் அவர்கள் தளத்தில் ஏறவே ஏறாது.

ஏ2 என்று ஒன்று இருக்கிறதே என்று பாயைக் கேட்டேன். "அது கார்டுலயே ஆப்பு போட்டு ஓட்றவனுக்கு. உனுக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

பெரிய எண்ணைப் பார்த்துத்தான் ஒரு தடவை கெட்டேன். யு 1, 64 ஜிபி எடுத்தேன். என் முன்னாலேயே சோதித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

18 மே, ஞாயிறு

தாவல் போயிற்று! விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. மோதிர விரலில் வலைக்கயிறு அறுத்த தழும்புகூடத் தெரிகிறது.

ஆனால் நடுவில் ஓரிடத்தில் அப்படியே நிற்கிறது. தாவவில்லை, நிற்கிறது. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால், கல் மாதிரி. அப்புறம் சட்டென்று ஓடுகிறது. மூன்று தடவை எடுத்தோம், மூன்றிலும் கிட்டத்தட்ட அதே இடம். மூன்றாவது எடுக்கும்போது வெயில் ஏறிப் போன் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை போகும்போதெல்லாம் மாடியே அதிர்ந்தது. ஆனால் அந்த அதிர்வில்கூடப் படம் ஆடித்தான் போகிறது, நிற்கவில்லை.

முப்பதே எடுத்திருக்கணுமோ? கஞ்சத்தனம் பண்ணிட்டனா? அவன் சொன்னான். நான்தான் பெரிய கணக்குப்புலி மாதிரி...

26 நெருங்குது.

19 மே, திங்கள்

காலையிலேயே பாய் கடை. கார்டை மாற்றிக்கொடுங்கள், வி 30 வேண்டும் என்றேன். அவர் மறுபடி சோதித்தார். முதலிலிருந்து கடைசி வரை பதினைந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. "மாத்தறதுன்னா மாத்தித் தரேன். ஆனா கோளாறு இதுல இல்ல, குணா. வேற எங்கியோ கீது," என்றார்.

வேறு எங்கே?

மத்தியானம் ஆபீஸில் சத்தமில்லாமல் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். எத்தனை தடவை என்று தெரியாது. வெற்றியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், கண் வலித்து ஒரு தடவை அவனுக்குப் பின்னால் பார்த்தேன். கொடியில் அம்மாவின் பச்சைப் புடவை. அது காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. கை நிற்கும்போதும் ஆடுகிறது.

அப்போ வீடியோ நிக்கல. வெற்றிதான் நிக்கிறான்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இத்தனை நாளாக அவன் பேச்சைப் பார்க்காமல் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டி, ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டான். அப்புறம் சொன்னான்.

அவன் சொல்வது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இன்ஜின் நின்றுபோயிற்று. தண்ணீர் இழுத்த இழுப்பில் படகு பெரிய கப்பல்கள் நிற்கிற பக்கமாகப் போகிறது. துடுப்புப் போட்டும் அசையவில்லை. வெற்றி பயந்துவிட்டான். அப்போது நைனா தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, நிமிர்ந்து, ஒரு சைகை காட்டினார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மணிக்கட்டைச் சுழற்றி, நெஞ்சுப் பக்கமாக இழுத்து. தண்ணீர் திரும்பிவிட்டது, இனிமேல் கரைக்கு இழுக்கும் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள்.

"நைனா சொன்னது ஒரே சொல். பள்ளிக்கூடச் சைகையில் அதற்குச் சொல் இல்லை. தண்ணீர், ஓடுவது, திசை, மாறுவது என்று நாலாகச் சொல்ல வேண்டும். நாலும் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் செத்துப்போகிறது. நம் சைகையைக் காட்டினால் அவர்களுக்குப் புரியாது. இவனுக்குச் சைகைமொழியே சரியாக வராது என்று நினைப்பார்கள்."

ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து, எதைச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறான்.

நாலாவே சொல்லிடு, மார்க் முக்கியம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

20 மே, செவ்வாய்

நைனாவிடம் கேட்டேன். அந்தச் சைகை வெற்றிக்காக நீங்கள் உண்டாக்கினதா?

"இவனுக்கா? இவன் பொறக்கறதுக்கு முன்னாலியே கீது. இன்ஜின் போட்டுட்டா படகுல அல்லாரும் செவுடுதான், கொணா. பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. கையாலதான் சொல்லணும். இந்தக் கரை ஓரம் பூரா இதே கைதான். எந்தக் குப்பத்து ஆளைக் கேட்டாலும் சொல்லுவான்."

நான் பிறந்து வளர்ந்த குப்பம். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சைகை என்று நான் நினைத்ததில் பாதி, படகில் எல்லாரும் பேசுகிறதாம்.

"வெற்றி மாரி சுருக்கா புடிக்கிறவன் எவனும் இல்ல. நான் தோளை அசைச்சா போதும், அவனுக்குத் தெரியும்," என்றார். அப்புறம், "அத்தினாலதான் சொல்றேன், எனுக்கு யாருன்னு."

வெற்றியிடம் போய்ச் சொன்னேன். அது நம் வீட்டுச் சைகை இல்லையாம், இந்தக் கடற்கரை முழுக்க இருக்கிற சொல்லாம். அவன் காற்றில் அந்தச் சைகையை ஒரு தடவை போட்டுப் பார்த்தான், புதிதாகக் கற்கிறவன் மாதிரி.

25 மே, ஞாயிறு

எடுத்தாயிற்று.

வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போனோம். லாரி வரிசை ஒன்று போய் முடியட்டும் என்று காத்திருந்தோம். புடவையைக் கொடியிலிருந்து எடுக்கலாமா என்று அம்மா கேட்டாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடம் வந்தது. வெற்றி நைனாவின் சைகையைப் போட்டான். நிறுத்தி, முகத்தை நேரே காமிராவுக்குக் காட்டி, பள்ளிக்கூடச் சைகையில் சொன்னான். இது எங்கள் கடற்கரையில் காது கேட்கிறவர்களும் பேசுகிற சொல், அர்த்தம் இது. சொல்லிவிட்டு மறுபடி அதே சைகையைப் போட்டுக் கதைக்குள் போனான். அங்கிருந்து கை பறந்தது. ஒரு தாவல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, நைனா படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தார். போட்டுக் காட்டு என்றார். சின்னத் திரையில் குனிந்து பார்த்தார். தண்ணீரில் கை விடுகிற இடத்தில் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"இது என் கையி," என்றார்.

வெற்றி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டான். நான் சொல்வதற்குள் நைனாவே அவனைத் தட்டிக் கூப்பிட்டு, தன் கையைக் காட்டி, வீடியோவைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார்.

26 மே, திங்கள்

அனுப்பினோம். ஏறி முடிகிற வரைக்கும் வெற்றி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

30 ஜூன், திங்கள்

வெற்றிக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். நைனா வலையை எடுத்துக்கினு கரைக்குப் பூட்டாரு.

27 ஜூலை, ஞாயிறு

சென்ட்ரலில் விட்டுவிட்டு வந்தோம். பிளாட்பாரத்தில் ரயில் சத்தத்தில் நானும் அம்மாவும் கத்திக் கத்திப் பேசுகிறோம், ஒன்றும் கேட்கவில்லை. நைனாவும் வெற்றியும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ரயில் நகருகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். நைனா படகுக்குச் செல்வம் என்று ஒரு ஆளைச் சேர்த்திருக்கிறார். "கை இன்னும் வரல, வரும்," என்கிறார்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கிடங்கில் இன்று கூட்டம். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் ஷெட் போட இரும்பு வாங்க வந்தார். பேசவில்லை. எழுதிக் காட்டப் போனை எடுத்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் நான் கையால் கேட்டுவிட்டேன், என்ன வேண்டும் என்று. பள்ளிக்கூடச் சைகையில். யோசித்துச் செய்யவில்லை. அந்த வீடியோவை அத்தனை தடவை ஓட்டினதில், புரியாததை வெற்றியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதில், கை தானாகப் போயிற்று.

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். என்ன வேண்டும், எத்தனை அடி, எப்போது வண்டி வரும் எல்லாம் கடகடவென்று சொன்னார். மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். சில இடத்தில் தப்பாகப் புரிந்துகொண்டேன், திருத்தினார். உனக்குக் காது கேட்கிறதே, எங்கே கற்றாய் என்றார்.

தம்பி, என்று காட்டினேன். அப்புறம், வாத்தியார்.

இன்னும் படிப்பே முடியவில்லை. இருந்தாலும் அப்படித்தான் வந்தது. அவர் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டார், நானும் சொன்னேன். பில் வாங்கிக்கொண்டு போகும்போது வாசலிலிருந்து திரும்பி, தம்பியைக் கேட்டதாகச் சொல் என்றார்.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இம்மா நேரம் இன்னா சொன்னாரு?"

"ஆங்கிள் நாலு, தகடு பத்து. நாளைக்கு வண்டி வருமாம்," என்றேன்.